ஓசூர்ல வேலைக்குப் பஞ்சமில்ல, ஆனா எந்த வேலையும் ஏன் நிக்க மாட்டேங்குது?

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட்ல, கிருஷ்ணகிரி ரவுண்டானாகிட்ட, காவேரிப்பட்டணம் டீக்கடை சொவத்துலன்னு எங்க பாத்தாலும் ஓசூர் கம்பெனிங்களுக்கு "ஆட்கள் தேவை" நோட்டீஸ்தான். பத்தாவது பாஸ் அல்லது ஃபெயில், ஐடிஐ, டிப்ளமோ, எந்த டிகிரியா இருந்தாலும் சரி, ரூம் உண்டு, கேன்டீன் உண்டு, பிஎஃப் இஎஸ்ஐ உண்டு, இன்னைக்கே ஜாயின் பண்ணலாம்னு போட்டு கீழ ஒரு போன் நம்பர். இதப் பாத்துட்டு ஊர்ல பெருசுங்க கேக்கறது ஒரே கேள்விதான். இவ்ளோ வேலை கெடக்குது, இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு எடத்துல ஒழுங்கா இருக்க முடியாதா, ஆறு மாசம் ஒரு கம்பெனி, ரெண்டு மாசம் வீட்ல, மறுபடி வேற கம்பெனி, இதெல்லாம் ஒரு பொழப்பா?

பசங்க மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல, ஒடம்பு வணங்காதவன் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்கான். ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு ரெண்டு ஜில்லா பசங்களும் இப்படியே மாறி மாறி போயிட்டு வந்துட்டு இருக்காங்கன்னா அதுக்கு நாலு பேரோட கொணம் காரணமா இருக்க முடியாது. ஆள் எடுக்கறப்பவே வேலையோட ஆயுசக் கம்மியா வெச்சுத்தான் எடுக்கறாங்க. எவ்ளோ கம்மின்னா, தொழிலாளிக்கு சட்டத்துல ஏதாவது ஒரு உரிமை ஆரம்பிக்கற கோடு இருக்கு பாருங்க, 240 நாள், 480 நாள், 5 வருசம், 10 வருசம்னு, அந்தக் கோட்டத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி முடிஞ்சு போற அளவுக்கு.

மொதல்ல ஊர்க்கதைய சுருக்கமா சொல்லிடறேன், இல்லன்னா மிச்சம் புரியாது. 1965ல சேலத்துலேந்து பிரிஞ்சு தர்மபுரி ஜில்லா ஆச்சு, அதுலேந்து 2004ல கிருஷ்ணகிரி தனியா போச்சு. கே.ஆர்.பி. டேம் தண்ணி பாயற எடம், ஆத்தோரம் கொஞ்சம், இதத் தவிர பெரும்பாலும் வானம் பாத்த பூமி, ராகி, கடலை, துவரை, புளி, மா. மழை பொய்ச்சுட்டா மூட்டையக் கட்டிக்கிட்டு வெளியூர் போறது இங்க பரம்பரைப் பழக்கம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆளுங்க பெங்களூருக்கு சென்ட்ரிங் அடிக்கவும் கம்பி கட்டவும் போனாங்க, அரூர் பக்கத்துலேந்து குடும்பம் குடும்பமா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாங்க. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுலயே படிப்பறிவு கம்மியான ஜில்லா தர்மபுரிதான், 68.5 சதவீதம். அதனால கூலி பேசறப்ப நம்மாளுங்க கை எப்பவுமே கீழதான் இருந்துச்சு.

1971ல சிப்காட், அதாவது தொழிற்பேட்டை போடற தமிழ்நாடு அரசு நிறுவனம் வந்துச்சு, அது ஆரம்பத்துலயே கை வெச்ச எடங்கள்ல ஒண்ணு ஓசூர். பெங்களூர் 40 கிலோமீட்டர், நெலம் மலிவு, பின்தங்கின ஏரியான்னு சலுகை வேற. 80-கள்ல டிவிஎஸ் மொபட்டு, அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் வாட்ச்னு வரிசையா வந்து ஒக்காந்துச்சு. அப்ப உள்ள போன ஒரு தலைமுறை இருக்கு, ஐடிஐ முடிச்சுட்டு ட்ரெயினியா சேந்து பர்மனன்ட் ஆகி, யூனியன்ல கார்டு வாங்கி, சம்பள ஒப்பந்தம் பேசி, சொசைட்டி லோன்ல வீடு கட்டி, அங்கயே ரிட்டயர் ஆனவங்க. இன்னைக்கும் நம்ம பக்கம் பொண்ணு பாக்கப் போனா "மாப்ள கம்பெனில பர்மனன்ட்டா, கான்ட்ராக்டா"ன்னுதான் மொதக் கேள்வி வரும். கவர்மெண்ட் உத்தியோகத்துக்கு அடுத்த மரியாதை அந்த பர்மனன்ட்டுக்கு உண்டு. இப்ப பசங்களத் திட்டற பெருசுங்க நெறைய பேர் அந்தத் தலைமுறை ஆளுங்க, இல்ல அவங்களப் பாத்து வளந்தவங்க. அவங்க போன கேட்டும் இப்ப இவன் போற கேட்டும் ஒரே கேட்டுதான், உள்ள சேக்கற விதம்தான் மொத்தமா மாறிப் போச்சு.

இப்ப ஒரு பெரிய கம்பெனில ஒரு லைன்ல பத்து பேர் நிக்கறாங்கன்னு வைங்க. அதுல கம்பெனி ரோல்ல இருக்கறவன் ஒருத்தனோ ரெண்டு பேரோ, அவங்களும் வயசானவங்க. மிச்சப் பேர்ல பாதி கான்ட்ராக்டர் ரோல், அதாவது சம்பளம் போடறது, பிஎஃப் கட்டறது எல்லாம் ஒரு ஏஜென்சி. இன்னும் சில பேர் அப்ரண்டிஸ். அப்புறம் இப்ப ஃபிக்ஸட் டேர்ம்னு ஒண்ணு, இத்தன மாசம்னு எழுதிக் குடுத்துட்டு எடுக்கறது. எல்லாருக்கும் அதே யூனிஃபார்ம், அதே டார்கெட்டு, அதே ஷிஃப்ட்டு. சட்டத்தோட கண்ணுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சாதி.

சரி, அந்த 240 என்னன்னு பாப்போம். 1947 தொழில் தகராறு சட்டத்துல, ஒருத்தன் 12 மாசத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா அது ஒரு வருச தொடர்ச்சியான சர்வீஸ். அதுக்கப்புறம் அவன ஆள்குறைப்புன்னு சொல்லி அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும், இல்ல அந்த மாச சம்பளம் குடுக்கணும், கூடவே முடிஞ்ச ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் நஷ்டஈடு. இதெல்லாம் இல்லாம அனுப்பினா லேபர் கோர்ட்ல கேள்வி வரும். ஆனா 1984ல ஒரு திருத்தம் போட்டாங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் பெரிய ஓட்டை. ஒப்பந்தத்துல எழுதின காலம் முடிஞ்சு, அத மறுபடி புதுப்பிக்காம விட்டா அது ஆள்குறைப்பே இல்லன்னு சொல்லிட்டாங்க. அதாவது தொரத்தினா தப்பு, தேதி முடிஞ்சுதுன்னு சொன்னா தப்பில்ல. அப்புறம் எவன் தொரத்துவான்?

480 நம்ம தமிழ்நாட்டு சமாச்சாரம். 1981ல நம்ம மாநிலம் தனியா ஒரு சட்டம் போட்டுச்சு, 24 மாசத்துல 480 நாள் ஒரு தொழில் நிறுவனத்துல தொடர்ச்சியா வேலை பாத்தவனுக்கு நிரந்தரம் குடுத்தே ஆகணும்னு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு, பக்கத்து கர்நாடகாக்காரன் பொறாமைப்படற மாதிரி ஒரு சட்டம். இத வெச்சு கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சவங்களும் இருக்காங்க. ஆனா லைன்ல நிக்கற பையங்ககிட்ட கேட்டா பத்துல ஒருத்தனுக்குக் கூட இந்த சட்டத்தோட பேர் தெரியாது. ஆள் எடுக்கற ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் "பிரேக்"னு ஒண்ணு வந்துச்சு.

பிரேக்குன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருத்தன், ஐடிஐ ஃபிட்டர், ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறவன், ஒரு நாள் பேசிட்டு இருக்கறப்ப பர்ஸ்லேந்து பழைய ஐடி கார்டு ரெண்டையும் கழுத்துல கெடக்கற புதுசையும் எடுத்து வரிசையா வெச்சான். மூணுலயும் அவன் போட்டோதான், மூணுலயும் ஏஜென்சி பேரு வேற வேற, டேக் ஒண்ணு பச்ச, ஒண்ணு நீலம், ஒண்ணு ஆரஞ்சு. "அண்ணா, மிஷின் அதே மிஷினு, சூப்பர்வைசரும் அதே ஆளுதான், டேக்கு கலருதான் மாறுது"ன்னான். நடுவுல என்ன ஆச்சுன்னா, ஏழாவது மாசம் முடியறப்ப ஆபீஸ்ல கூப்ட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்களாம். அதுல "என் சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை"ன்னு டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சாம். செட்டில்மென்ட்னு கொஞ்சம் காசு, ஊருக்குப் போயிட்டு பத்து பதினஞ்சு நாள் கழிச்சு வா, வேற ஏஜென்சில போட்டு எடுத்துக்கறோம்னு சொல்லி அனுப்பியாச்சு. அவன் சந்தோசமாத்தான் கையெழுத்துப் போட்டான், ஊர்ல மாரியம்மன் பண்டிகை, எப்படியும் லீவு கேக்கணும்னுதான் இருந்தான். அந்த ஒரு கையெழுத்துல 240-ம் போச்சு, 480-ம் போச்சு, கணக்கு மறுபடி ஒண்ணுலேந்து ஆரம்பம்.

இங்க கோர்ட்டு என்ன சொல்லும்னு கேட்டா, ரெண்டு பக்கமும் பேசும். கான்ட்ராக்ட்ங்கறது வெறும் கண்துடைப்பு, வேலை வாங்கறது மேற்பார்வை பாக்கறது எல்லாமே கம்பெனிதான்னு நிரூபிச்சா தொழிலாளி பக்கம் தீர்ப்பு வரலாம். ஆனா நிரூபிக்கற பாரம் அவன் தலைல. 2001ல செயில்ங்கற அரசு இரும்புக் கம்பெனி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு குடுத்துச்சு, ஒரு வேலைல கான்ட்ராக்ட் முறைய அரசாங்கமே தடை பண்ணிட்டாலும் அந்த ஆளுங்க தானாவே கம்பெனி ஆளுங்களா ஆயிட மாட்டாங்கன்னு. அதுக்கு முன்னாடி இருந்த ஒரு பெரிய நம்பிக்கை அந்தத் தீர்ப்போட முடிஞ்சுது. அப்ரண்டிஸ் கதை இன்னும் மோசம், 1961 சட்டப்படி அவன் பயிற்சி எடுக்கறவன், தொழிலாளியே கெடையாது, அதனால நிரந்தரம் எல்லாம் அவன் பேச்சே எடுக்க முடியாது. பயிற்சிங்கற பேர்ல நட்டு முடுக்கி, பெட்டி அடுக்கி, ஒரு வருசம் முடிஞ்சா சர்டிஃபிகேட் குடுத்து வாழ்த்து சொல்லி அனுப்பிடுவாங்க. உண்மையிலேயே தொழில் சொல்லிக் குடுக்கற கம்பெனிங்களும் இருக்கு, அத மறைக்கக் கூடாது, ஆனா அங்க சீட்டு கம்மி.

கம்பெனிக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் சொல்றாங்க, அதயும் கேக்கணும். ஓசூர் பெரும்பாலும் வண்டிய நம்பின ஊரு, வண்டி விக்கலன்னா மொத்த ஊருக்கும் ஜொரம். 2019ல லாரி விற்பனை படுத்தப்ப செப்டம்பர் மாசம் அசோக் லேலண்ட் ஓசூர்ல 5 நாள் வேலையில்லா நாள்னு அறிவிச்சாங்க. பெரிய கம்பெனிக்கு 5 நாள்னா அவங்களுக்குப் பார்ட்ஸ் போடற சின்ன பட்டறைங்களுக்கு எவ்ளோ நாள்னு யோசிச்சுக்கோங்க, அங்க அறிவிப்பெல்லாம் கெடையாது, "நாளைக்கு வராத, போன் பண்றேன்"தான். அடுத்த வருசமே கொரோனா. ஆர்டர் ஏறி எறங்கறப்ப ஆளையும் ஏத்தி எறக்கற வசதி வேணும்ங்கறாங்க. சரி, ஆனா வருசம் பூரா ஓடற லைன்ல, வருசம் பூரா தேவைப்படற வேலைக்கு எதுக்கு ஏழு மாச ஆளு? ஏத்த எறக்கத்தோட முழு பாரத்தையும் இருக்கறதுலயே கம்மி சம்பளக்காரன் தலைல எறக்கி வெக்கறது வசதின்னு சொல்லலாம், தவிர்க்க முடியாததுன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல.

இந்த பிரேக்கால கண்ணுக்குத் தெரியாம போறது நெறைய. கிராஜுவிட்டி, அதான் வேலைய விட்டுப் போறப்ப குடுக்கற பணிக்கொடை, அதுக்கு 5 வருச தொடர் சர்வீஸ் வேணும், ஒரு வருசத்துக்கு 15 நாள் சம்பளம்ங்கற கணக்கு, ஏழு மாச ஆளுக்கு அது கனவுதான். பிஎஃப்ல பென்ஷன் பகுதி இருக்கே, அதுக்கு மொத்தமா 10 வருச சர்வீஸ் வந்தாத்தான் 58 வயசுல மாசாமாசம் பென்ஷன். இங்கதான் ஒரு பாவம் நடக்குது. பிரேக்ல வீட்ல சும்மா இருக்கறப்ப கைல காசு இல்ல, வண்டி டியூ நிக்குது, பிரவுசிங் சென்டர் போய் பிஎஃப் காச எடுத்துடறான், கூடவே பென்ஷன் காசையும் சேத்து எடுத்துட்டா அதுவரைக்கும் சேந்த சர்வீஸும் அழிஞ்சுடும். இப்படி மூணு தடவ நாலு தடவ எடுத்தவன் இருபது வருசம் ஓசூர்ல ஒழைச்சிருந்தாலும் பென்ஷன் கணக்குல அவனுக்கு ரெண்டு வருசம்தான் இருக்கும்.

இஎஸ்ஐ, அதான் தொழிலாளிக்கான மருத்துவக் காப்பீடு, அந்தக் கதையும் கிட்டத்தட்ட இதான். ஏப்ரல்லேந்து செப்டம்பர், அக்டோபர்லேந்து மார்ச்னு ஆறு ஆறு மாசமா பிரிச்சு, அதுல 78 நாளாவது பணம் கட்டியிருந்தாத்தான் பின்னாடி ஒடம்பு சரியில்லாம லீவு போடறப்ப 70 சதவீத சம்பளம் கெடைக்கும். பிரேக்கு தப்பான மாசத்துல விழுந்தா அந்த 78 வராது. பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டம். இப்ப தேன்கனிக்கோட்டை பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஸ்கூட்டர்னு வந்ததுல பொம்பளப் பசங்க ஆயிரக்கணக்குல வேலைக்குப் போறாங்க, இது நம்ம ஜில்லாவுல சாதாரண மாற்றம் இல்ல. ஆனா கல்யாணம், பிரசவம் வர்ற வயசும் காலும் கையும் வேகமா ஓடற வயசும் ஒண்ணுதான். பிரசவ சம்பளம் இஎஸ்ஐல வாங்கணும்னா முன்னாடி ரெண்டு ஆறு மாசக் கணக்குல சேத்து 70 நாள் கட்டியிருக்கணும், வேலை நடுவுல அறுந்து போனவங்களுக்கு அந்த நாள் தேறாம போற ஆபத்து இருக்கு.

இதெல்லாம் கம்பெனி பக்கம். வீட்டுப் பக்கமும் ஒரு இழுப்பு இருக்கு, அதையும் சொன்னாத்தான் கதை முழுசாகும். சும்மா ஒரு கணக்குக்கு மாசம் 16,000 சம்பளம்னு வைங்க, அதுல பேசிக் 12,000-ன்னா 12 சதவீதம் பிஎஃப் 1,440 போயிடும், இஎஸ்ஐ 0.75 சதவீதம் 120, கைக்கு வர்றது பதினாலாயிரத்து சொச்சம். அதுல ரூம் வாடகை பங்கு, ராத்திரி சாப்பாடு, போன் ரீசார்ஜ், மாசம் ரெண்டு தடவ ஊருக்குப் பஸ், இதெல்லாம் போக வீட்டுக்கு அனுப்பறது எவ்ளோ நிக்கும்? ஓடி, அதான் ஓவர்டைம், பாத்தா நிக்கும், சட்டப்படி ஓடிக்கு ரெட்டை சம்பளம், ஆனா சிங்கிள் ரேட்டு போடற எடம் எங்கெங்கன்னு ஓசூர் பசங்களுக்கே தெரியும். அதே பையன் மாங்கா சீசன்ல ஊர்ல இருந்தா லோடு ஏத்தற கூலி கைல அன்னன்னிக்கே காசு. கிருஷ்ணகிரி சுத்தி மாங்கூழ் ஃபேக்டரிங்க இருக்கு, பெங்களூரா மாங்காதான் அதுக்கு முக்கியம், சீசன்ல ராப்பகலா ஆள் தேவை, சீசன் முடிஞ்சா கேட்டுக்குப் பூட்டு. வெளச்சல் நல்லா இருந்தாலும் 2025 மாதிரி வெல விழுந்துட்டா பழம் மரத்துலயே நிக்கும், பறிக்கற கூலிக்குக் கூடக் கட்டாது, அப்ப அந்த வேலையும் இல்ல. ஆக பிரேக்ல வந்தவன் மாங்கா, கடலை பறிக்கறது, அப்பாவோட ஆடு, நூறு நாள் வேலைக்குப் போற அம்மான்னு இதுக்குள்ளயே ஒரு மாதிரி ஓட்டிடுவான், மறுபடி ஏஜென்சிலேந்து போன் வர்ற வரைக்கும். அந்தக் குடும்பம் தாங்கிப் பிடிக்கறதாலதான் கம்பெனிக்கு ஏழு மாச ஆளு இவ்ளோ சுலபமா கெடைக்குது, இத யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல.

நைட் ஷிஃப்ட்ட பத்தி பெருசா எழுத வேண்டியதில்ல, பகல்ல தகர ஷீட் ரூம்ல மே மாசம் தூங்கிப் பாத்தவங்களுக்குப் புரியும்.

இப்ப புது சட்டம் வந்திருக்கு, 2025 நவம்பர் 21லேந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்ததா ஒன்றிய அரசு அறிவிச்சாச்சு. நான் மேல சொன்ன பழைய மத்திய சட்டங்க நெறைய இதுக்குள்ள போயிடுச்சு, 240 நாள் கணக்கும் 15 நாள் நஷ்டஈடும் பேர் மாறி அங்கயும் இருக்கு. நல்ல விசயம் ஒண்ணு, ஃபிக்ஸட் டேர்ம் ஆளுக்கு பர்மனன்ட் ஆளுக்குச் சமமான சலுகை குடுக்கணும், கிராஜுவிட்டியும் ஒரு வருசத்துலயே உண்டு. இன்னொரு பக்கம், கான்ட்ராக்ட் ஆள் பத்தின விதிங்க 20 பேர் இருந்தா பாயும்னு இருந்தது 50 பேர்னு ஏறிடுச்சு, ஆள்குறைப்புக்கு அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கற வரம்பு 100லேந்து 300 ஆச்சு. ஓசூர் பட்டறைங்க நெறைய இந்த வரம்புக்குக் கீழதான் வரும். அந்த ஒரு வருச கிராஜுவிட்டியும் எனக்கு முழு நம்பிக்கை தரல, 240-க்கு ஏழு மாசம்னு கண்டுபிடிச்சவங்களுக்கு ஒரு வருசத்துக்கு 11 மாசம்னு கண்டுபிடிக்க எவ்ளோ நேரம் ஆகும்.

இதுல மாட்டியிருக்கற பையன் என்ன பண்ணலாம்? சட்டத்த மாத்த அவனால முடியாது, ஆனா கணக்க அவன் பக்கம் வெச்சுக்கலாம். எத்தன ஏஜென்சி மாறினாலும் பிஎஃப்ல ஆளுக்கு ஒண்ணா குடுக்கற யுஏஎன் நம்பர் ஒண்ணுதான், அதோட பாஸ்புக்ல எந்த மாசம் எந்த நிறுவனம் பணம் கட்டுச்சுன்னு வரிசையா இருக்கும், நாளைக்கு 480 நாளுக்கு வாதாடணும்னா அதான் பெரிய சாட்சி. ஐடி கார்ட திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ, பே ஸ்லிப்பு, ஷிஃப்ட் போடற வாட்ஸப் மெசேஜு, எல்லாத்தையும் ஒரு எடத்துல சேத்து வைங்க, சூப்பர்வைசர் கம்பெனி ஆளுங்கறதுக்கு அந்த மெசேஜே போதும் சில நேரம். டைப் அடிச்ச ராஜினாமால கையெழுத்து கேட்டா ஒரு காப்பியாவது கேட்டு வாங்குங்க, குடுக்க மாட்டாங்க, அப்ப போன்ல ஒரு போட்டோ. ஏஜென்சி சம்பளத்த அமுக்கிட்டு ஓடிட்டா அத குடுக்க வேண்டிய பொறுப்பு மொதலாளி கம்பெனிக்கு இருக்கு, இது பழைய சட்டத்துலயும் உண்டு புதுசுலயும் உண்டு, லேபர் ஆபீஸ்ல மனு எழுதறப்ப ஏஜென்சி பேரோட கம்பெனி பேரையும் சேத்து எழுதணும்.

பிஎஃப்ப எடுக்காம அடுத்த கணக்குக்கு மாத்தறதுதான் இதுல எல்லாம் சுலபம், ஆனா அங்கயும் ஒரு முட்டுக்கட்டை, பழைய ஏஜென்சி வேலைய விட்ட தேதிய போடாமலே விட்டுடுவான், அது இல்லாம ட்ரான்ஸ்ஃபர் நடக்காம நிக்கும். போன் பண்ணா எடுக்க மாட்டான். கடைசியா பணம் கட்டின மாசத்துலேந்து ரெண்டு மாசம் முடிஞ்சிருந்தா அந்தத் தேதிய நாமளே பிஎஃப் வெப்சைட்ல, மேனேஜ்ங்கற எடத்துல மார்க் எக்ஸிட்னு இருக்கும், ஆதார் ஓடிபி வெச்சு போட்டுக்கலாம். ஒரு தடவ போட்டா திருத்த வராது, அதனால கடைசி சம்பள மாசத்த பாஸ்புக்ல பாத்துட்டு போடுங்க.